'பரவாயில்லை' என்ற வலி: வீட்டில் வாழும் 74 வயது அம்மா ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அவர் வலிக்காக வரவில்லை, விழுந்துவிட்டதற்காக வந்தார். அதிகாலை நான்கு மணி வாக்கில் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது வலது முழங்கால் மடங்கிவிட்டது. சுவரைப் பிடிக்கப் போன இடது கைக்குச் சுவர் எட்டவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்ததே தவிர எக்ஸ்ரேயில் முறிவு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டே, "வேற எங்கேயாவது வலி இருக்கா அம்மா?" என்று கேட்டேன். "வயசாச்சு டாக்டரம்மா, வலி இருக்கத்தான் செய்யும். பரவாயில்லை" என்றார்.

அன்று மாலை அவருடைய கோப்பைப் புரட்டினேன். முந்தைய இரண்டு ஆண்டுகளில் இரத்த அழுத்தப் பரிசோதனைக்காக நான்கு முறை வந்திருக்கிறார். நான்கு முறையும் என் கையெழுத்தில் "வலி பெரிதாக இல்லை" என்று இருக்கிறது. நான் கேட்டிருக்கிறேன், அவர் பதில் சொல்லியிருக்கிறார், இருவருமே அதோடு விட்டிருக்கிறோம். அந்த நான்கு வரிகளுக்காகத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

யாரும் இவரை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால், ஒத்த நிலையில் இருந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

வயது 74. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எடை 58 கிலோ. 12 ஆண்டுகளாக இரத்த அழுத்தம்; அதற்கு டெல்மிசார்டனும், சிறுநீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை தினமும் காலையில். சர்க்கரை இல்லை. 81 வயதுக் கணவருக்கு நான்கு ஆண்டுகளாக மறதி நோய். இப்போது அவரால் தானாக எழுந்து நிற்க முடியாது. பேச்சும் ஓரிரு சொற்களோடு நின்றுவிட்டது. மகள் அதே ஊரில் வேலைக்குப் போகிறவர், வாரம் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் கணவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, இரவில் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லாம் இவர் ஒருவர்தான்.

வீட்டில் பார்த்தது

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் தெரியாத பலவும் அந்தக் கூடத்தில் நின்றவுடன் தெரிந்தன. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில், எந்த மேசைக்கும் பக்கத்தில் இல்லாமல், தனியாக ஒரு நாற்காலி. "அது எதுக்கும்மா அங்கே?" "நடுவுல உக்காரத்தான்." அந்தத் தூரம் மொத்தம் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, கை பட்டுப் பட்டு மங்கிய கறை ஒரு கோடு மாதிரி ஓடியது. மாடிப்படியில் முதல் இரண்டு படிகள் மட்டும் சுத்தமாக இருந்தன, அதற்கு மேல் தூசி.

இந்த முறை வலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "வலியால எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். மாடியில் செடி வளர்த்தது நின்று பதினான்கு மாதம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வருடம். வலது பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. கீழ் அலமாரியில் இருக்கும் எதையும் எடுப்பதில்லை. பகலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார், ஏனென்றால் கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதெல்லாம் வலின்னு சொல்லத் தோணலை, வயசுன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டு விட்டுத் திரும்ப வருகிற வலியை நாட்பட்ட வலி என்கிறோம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே உண்டு. இன்னொரு நோயின் அறிகுறியாக மட்டும் அதைப் பார்த்த காலம் போய்விட்டது. ஆனாலும் வயதானவர்களிடம் அது வயதின் பெயரிலேயே ஒளிந்துகொள்கிறது. மூப்பில் மூட்டும் முதுகும் மாறுவது உண்மை. ஆனால் பன்னிரண்டு அடி நடக்க நடுவில் நாற்காலி தேவைப்படுவது மூப்பின் இயல்பு இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் செய்வதற்கும் ஏதாவது இருக்கும்.

அளவிடுவதற்கு பெக் அளவுகோலைப் பயன்படுத்தினேன். 2009இல் வெளியான இதில் மூன்றே கேள்விகள்: கடந்த ஒரு வாரத்தில் வலி சராசரியாக எவ்வளவு, வாழ்க்கையை அனுபவிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, பொதுவான வேலைகளை எவ்வளவு கெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. அவர் கொடுத்த எண்கள் 7, 9, 8. சராசரி 8. "பரவாயில்லை" என்பதன் எண் மதிப்பு அன்றைக்கு 8 என்று தெரிந்தது.

வலிக்கு எத்தனை சொல்

தமிழில் வலியை விசாரிக்க ஒரு வசதி இருக்கிறது. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது என்று வகை வகையாகச் சொல் உண்டு. நோயாளி தானாக எந்தச் சொல்லை எடுக்கிறார் என்று கவனித்தாலே பாதி வழி போய்விடலாம். "வலிக்கிறதா" என்ற ஒற்றைச் சொல்லை நாம் முன்னால் நீட்டும்போது இந்த வேறுபாடெல்லாம் அடிபட்டுப் போகிறது. 'வலி' என்று கேட்டால் இல்லை என்பவர், 'உளைச்சல்' என்று கேட்டால் ஆமாம் என்பார்.

இவரிடம் இரண்டு வெவ்வேறு வலிகள் இருந்தன. ஒன்று வலது முழங்காலில், ஏழு ஆண்டுகளாக. காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு, பத்து நிமிடத்தில் விட்டுவிடும். படி இறங்கும்போது சுருக்கென்று குத்தும். மூட்டை மடக்கி நீட்டினால் நறநறத்தது, சற்று வீக்கமும் இருந்தது. இடுப்பு மூட்டுக் கோளாறு சில நேரம் முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படும் என்பதால் இடுப்பையும் சுழற்றிப் பார்த்தேன். அங்கே வலி இல்லை. முழங்கால் மூட்டுவாதம் என்பதில் குழப்பம் இல்லை.

இரண்டாவது வலிக்கு அவர் வேறு சொற்களை எடுத்தார். "ஐந்து நிமிஷம் நடந்தா இடுப்புலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் ரெண்டு காலும் உளையுது, அப்புறம் மதமதன்னு ஆயிடுது. உக்காந்தா ரெண்டே நிமிஷத்துல போயிடும்." நின்றால் போகுமா என்றேன். போகாது, உட்கார வேண்டும். பிறகு, தானே வியந்தபடி ஒன்று சொன்னார்: "தனியா நடந்தா முடியலை. ஆனா அவரை வீல்சேர்ல வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனா அரை மணி நேரம்கூட நடந்துடுவேன். மனசுதான் காரணம்னு பொண்ணு சொல்றா."

மனசு காரணமில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் முன்னால் குனிந்து நடக்கிறார். முதுகு முன்னோக்கி வளையும்போது, இடுப்புப் பகுதியில் நரம்புகள் இறங்கும் முதுகெலும்புக் கால்வாய் சற்று அகலமாகிறது, நிமிர்ந்தால் குறுகுகிறது. நிமிர்ந்து நடந்தால் உளைச்சல், குனிந்தாலோ உட்கார்ந்தாலோ நிம்மதி என்பது அந்தக் கால்வாய் சுருங்கியிருப்பதன் அடையாளம். காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், ஆனால் அது சும்மா நின்றாலே அடங்கும். இவருடைய பாதங்களில் நாடித் துடிப்பு நன்றாகவே கிடைத்தது. மகள் வீட்டில் இருந்தபோது இதை அவரிடம் விளக்கினேன். அம்மா பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

எச்சரிக்கை அடையாளங்களையும் தேடினோம். காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், படுத்தாலும் விடாத இரவு வலி, சிறுநீர் மலக் கட்டுப்பாடு தவறுதல், இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போதல், முன்பு புற்றுநோய் என எதுவும் இல்லை. இரத்தத்தில் அழற்சி அளவும் சாதாரணம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது 19 விநாடி. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து ஐந்து முறைதான் எழ முடிந்தது. அவர் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் குறைவு. மனச்சோர்வுக்கான 15 கேள்விகள் கொண்ட முதியோர் அளவுகோலில் 7 வந்தது. 5க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

வலியும் விழுவதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. பாஸ்டனில் 70 வயதுக்கு மேற்பட்ட 749 பேரை 18 மாதம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், வலி கூடக்கூட விழுவதும் கூடியது தெரிந்தது. ஆகவே இவருடைய வீழ்ச்சியை மட்டும் தனியாக எடுத்து, வழுக்காத விரிப்பு போடச் சொல்லி அனுப்பியிருந்தால் நான் ஐந்தாவது முறையும் தவறியிருப்பேன்.

மாத்திரைப் பை

"வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரே இடத்துல கொட்டுங்கம்மா" என்றேன். சாப்பிடுவது, சாப்பிடாதது, பழையது, பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாமே. மேசை மேல் வந்தவை: இரத்த அழுத்த மாத்திரை, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை இரண்டு, வேறு பெயரில் இன்னொரு அட்டை, நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரீகாபலின் 75 மி.கி. அந்த வேறு பெயர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் அதிலும் டைக்ளோஃபெனாக், கூடவே பாராசிட்டமால். ஒன்று முழங்காலுக்கு, ஒன்று இடுப்புக்கு என்று இரண்டையும் இரண்டு ஆண்டுகளாக அநேகமாக தினமும் விழுங்கியிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. பிரீகாபலின் வேறொரு இடத்தில் எழுதிக் கொடுத்தது. காலை ஒன்று, இரவு ஒன்று.

வலி மாத்திரை சாப்பிடுவதாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "நீங்க பிரஷர் டாக்டராச்சே" என்றார்.

இந்தப் பையில் இருந்த ஆபத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே சேர்க்கை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. டெல்மிசார்டன் வகை மருந்து சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. சிறுநீர் பிரியச் செய்யும் மருந்து உடம்பில் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். போதாததற்கு, கழிப்பறைக்கு எழ வலிக்கிறது என்று தண்ணீரையும் குறைத்திருந்தார். சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் ஒரு வருடம் முன்பு 0.9 ஆக இருந்தது, இப்போது 1.4. வயதோடு கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் 67லிருந்து 39க்கு இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 10.4, உள்நோக்கியில் இரைப்பையில் சிறு சிறு அரிப்புகள். அழுத்தம் படுத்த நிலையில் 152, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 128, லேசான கிறுகிறுப்பு. வலி மாத்திரை இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். நான் அதைப் பார்த்து அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறேன். பிரீகாபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் உடம்பில் தங்கித் தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் தரும். நான்கு மணிக்குக் கால் மடங்கியபோது அந்த உடம்பில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்த்தால் மனது கனக்கிறது.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியல் 1991லிருந்து இருக்கிறது. இந்த வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து தருவது பற்றிய எச்சரிக்கை அதில் உண்டு. பட்டியல் எங்கள் கையில் இருக்கிறது. மாத்திரை வேறு கடையில் கிடைக்கிறது. நடுவில் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் இடைவெளி.

'தேய்மானம்'

அவரிடம் பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கை ஒன்று இருந்தது. கீழ் முதுகில் நான்காவது ஐந்தாவது எலும்புக்கு நடுவே கால்வாய் சுருக்கம், எலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள் பலவற்றில் சிதைவு என்று எழுதியிருந்தது. அதை யாரோ அவருக்கு ஒரே சொல்லில் விளக்கியிருக்கிறார்கள்: தேய்மானம்.

மூட்டு வலிக்கு நாமெல்லாம் சொல்லிப் பழகிய சொல் இது. நானும் நூறு முறை சொல்லியிருப்பேன். ஆனால் தேய்ந்த பொருளை நாம் என்ன செய்வோம்? மேலும் தேயாமல் பத்திரமாக வைப்போம். அவரும் அதைத்தான் செய்தார். "தேஞ்சு போனதை இன்னும் தேய்க்கச் சொல்றீங்களா?" என்று உடற்பயிற்சி பற்றிப் பேசியதும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லை நம்பி அவர் நடையைக் குறைத்தார், தொடைத் தசை மெலிந்தது, மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியவில்லை, வலி கூடியது, இன்னும் நடையைக் குறைத்தார். பயத்தால் அசையாமல் இருப்பதும் அதனால் வலி கூடுவதும் இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்த ஆய்வுகளை, 3,110 பேர் அளவுக்கு, 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுச் சிதைவு இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். ஒரு வலியும் இல்லாதவர்களுக்கு! படத்தில் தெரிவது எல்லாம் வலியின் அளவுகோல் ஆகாது. மூட்டு என்பது உலோகத் தாங்கி மாதிரி உரசிக் கரைகிற பொருள் இல்லை. அசைவும் சுமையும் அளவாகக் கிடைத்தால் தன்னைத் திருத்திக்கொள்ள முயலும் உயிருள்ள திசு. குருத்தெலும்புக்கு நேரடி இரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருவதுதான் அதற்கு ஊட்டம். இதைக் கேட்டதும் ஆசிரியை அல்லவா, "அப்போ அசையாம இருந்தா பட்டினி போடற மாதிரி" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் 'பட்டினி' என்ற சொல்லையே நோயாளிகளிடம் பயன்படுத்துகிறேன்.

இன்னொருவரின் வலி

மூன்றாவது முறை போனபோது குளிப்பாட்டும் நேரம். கணவர் மாலையானால் கத்துகிறார், கையைத் தட்டிவிடுகிறார், மறதி நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சட்டை போட வலது கையை உயர்த்தும்போது அவர் முகம் சுருங்கி, மூச்சு வேகமாகி, அந்தக் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். அவரைச் சமாளிக்க இந்த அம்மா இடுப்பை முறுக்கிக்கொண்டு முழுப் பலத்தையும் போட்டார்.

பேச முடியாதவரின் வலியை அளக்க 2003இல் வந்த பெய்னாட் என்ற அளவுகோல் உண்டு. மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை போட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கையில் 1. கையை அசைத்தபோது 6. தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. அவர் கத்தியது வலியால்.

நார்வேயில் முதியோர் இல்லங்களில் மறதி நோயோடு இருந்த 352 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. எட்டு வாரம் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுத்ததில் அவர்களுடைய கிளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது பாராசிட்டமால்தான். இவருக்கும் குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் தொடங்கினோம். உடுத்தும்போது வலிக்கிற கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தோம். முன்பக்கம் முழுதும் திறக்கிற சட்டைக்கு மாற்றினோம். பத்து நாளில் மாலைக் கத்தல் பாதியாகக் குறைந்தது. அந்த அம்மாவின் இடுப்புக்கு நான் கொடுத்த முதல் சிகிச்சை, அவருடைய கணவரின் தோளுக்குக் கொடுத்ததுதான்.

செய்தவை

டைக்ளோஃபெனாக் இரண்டையும் அன்றே நிறுத்தினோம். நீர் பிரியும் மருந்து இல்லாத டெல்மிசார்டன் மட்டும் வைத்தோம். பிரீகாபலினைத் திடீரென்று விடக்கூடாது என்பதால் மூன்று வாரத்தில் குறைத்து விட்டோம். இரைப்பைக்கு எட்டு வாரம் மருந்து, கூடவே இரும்புச்சத்து. பாராசிட்டமால் 500 மி.கி. நாளைக்கு மூன்று வேளை. மூட்டுவாதத்தில் அதன் பலன் சிறியது என்பதை அவரிடம் மறைக்கவில்லை. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு, சிறுநீரகம் ஓரளவு தேறிய பிறகு. தோலில் தடவும்போது இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. டுலோக்செடின் பற்றிப் பேசினோம். வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து உதவக்கூடியது, ஆனால் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கலாம், விழும் அபாயமும் உண்டு. "ஒரு மாத்திரை குறைஞ்சா சந்தோஷம், கூட வேண்டாம்" என்றார். தள்ளி வைத்தோம்.

பயிற்சிக்கு வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கொடுத்தது ஒன்றே ஒன்று: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முறை. முதலில் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, வாரா வாரம் இறக்கினார். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கிற, முதுகை வளைக்கிற பயிற்சிகள். கைத்தடியை அவர் வலி இருக்கிற வலது பக்கமே பிடித்திருந்தார். பெரும்பாலோர் செய்கிற தவறு. வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் சுமை குறையும்; மணிக்கட்டு தேறியதும் இடது கைக்கு மாற்றி, கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்புக்கு நேராக உயரத்தைத் திருத்தினோம்.

நடையை வலியை வைத்து அளக்காமல் கடிகாரத்தை வைத்து அளக்கச் சொன்னோம். ஐந்தாம் நிமிடத்தில் உளைச்சல் வருகிறதென்றால் மூன்றாம் நிமிடத்திலேயே உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மூன்று. நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது இவருடைய பழக்கம். நல்ல நாளிலும் அளவு மீறாமல் இருப்பதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கணவரின் கட்டிலைக் கட்டைகள் வைத்து உயர்த்தினோம். பக்கம் மாற்ற வழுக்கும் விரிப்பு, எழுப்பப் பிடியுள்ள இடுப்புப் பட்டை. மகள் வாரம் இரண்டு அரை நாள் வர ஒப்புக்கொண்டார். இரவுக்குக் கழிப்பறை வழியில் சிறு விளக்கு.

பிறகு நடந்தது

நேர்க்கோட்டில் முன்னேறவில்லை. நான்காம் வாரம் கடுமையாக வலித்தது. கணவருக்குக் காய்ச்சல், இரண்டு இரவு தூக்கமில்லை. மிச்சம் வைத்திருந்த டைக்ளோஃபெனாக்கில் மூன்று சாப்பிட்டுவிட்டார். என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், குற்றம் செய்துவிட்ட மாதிரி. அவர் சொன்னதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. "பரவாயில்லை" என்று இந்த முறை சொல்லவில்லையே. அன்று இருவருமாக உட்கார்ந்து, வலி பொங்கும் நாளுக்கான திட்டம் ஒன்றை அவர் கையெழுத்திலேயே எழுதினோம்: நடையைப் பாதியாக்குவது, விட்டுவிடாமல், சூடான ஒத்தடம், பாராசிட்டமாலை ஒரு வேளை கூட்டி நாளைக்கு நான்கு, மகளைக் கூப்பிடுவது, மூன்று நாளில் குறையாவிட்டால் எனக்குப் போன். பாராசிட்டமாலின் மேல் வரம்பு நாளைக்கு 4 கிராம் என்றாலும் இவர் வயதுக்கும் எடைக்கும் அதற்கு வெகு கீழேயே நின்றோம்.

பன்னிரண்டாம் வாரத்தில் பெக் எண்கள் 5, 4, 4. வலியின் அளவு மட்டும் பார்த்தால் 7லிருந்து 5, அவ்வளவுதான். ஆனால் வாழ்க்கையைக் கெடுப்பது 9லிருந்து 4க்கு இறங்கியிருக்கிறது. சராசரி 8லிருந்து 4.3, 30 சதவீதம் குறைந்தாலே அர்த்தமுள்ள மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். எழுந்து நடந்து திரும்பும் நேரம் 13 விநாடி. 30 விநாடியில் ஒன்பது முறை எழுகிறார். கிரியாட்டினின் 1.1, வடிகட்டும் திறன் 53. பழைய 67க்கு இன்னும் திரும்பவில்லை, முழுதும் திரும்பும் என்று நான் நம்பவும் இல்லை. இரத்த அழுத்தம் 136, நின்றாலும் பெரிதாக இறங்குவதில்லை. மனச்சோர்வு அளவுகோலில் 4.

மாடிக்குப் போனாரா என்று கேட்டேன். பத்தாம் வாரத்தில் மகளோடு போயிருக்கிறார். ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பது, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினாராம். செடிகளில் இரண்டு மட்டும் பிழைத்திருந்தன.

தூக்கம் சரியாகவில்லை. கணவர் இரவில் மூன்று முறை எழுப்புகிறார். தூங்காத இரவுக்கு அடுத்த பகல் வலி கூடுவது எங்கள் குறிப்பேட்டில் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் இரவில் இன்னொருவர், அதற்கு அந்தக் குடும்பத்தில் இப்போதைக்கு ஆள் இல்லை. தூக்க மாத்திரை எழுதித் தரக் கேட்டார். மறுபடி விழுவார் என்ற பயத்தில் மறுத்தேன். அவர் முகம் வாடியது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை பற்றியும் பேசினோம். எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, செய்யலாம், பலனும் இருக்கும் என்றார். "அத்தனை வாரம் அவரை யார் எழுப்பறது?" என்று கேட்டார் இந்த அம்மா. மகள் விடுப்பு எடுப்பதாகச் சொன்னாள். "நீ எடுக்கிற லீவை அவருக்கு முடியாமப் போறப்போ எடு" என்று நிறுத்திவிட்டார். வேண்டாம் என்று சொன்னதையும், ஏன் என்று அவர் சொன்ன காரணத்தையும் அவர் சொற்களிலேயே கோப்பில் எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து, அடுத்த வருகையில், மறுபடி கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். "கேளுங்க" என்றார்.